ஓர்ப்படியின் காரும் அதன் மங்கிய விளக்குகளும்

மாமியாரைக் கண்டு எனக்குப் பொறாமை என்று சொல்லியிருந்தால் நாலு பேர் புரிந்துகொண்டிருப்பார்கள். மாமியாருக்காக இன்னொருத்தியைக் கண்டு பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளின் கடைசியில், மைசூரில், ஒரு வருஷம் முழுக்க நான் அதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

நாங்கள் சரஸ்வதிபுரத்தில் இருந்தோம். நான் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் லேபில் வேலை பார்த்தேன். பாடம் நடத்துகிற வேலை அல்ல. மீட்டர்களையும் லென்ஸ்களையும் துடைத்து, பழுது பார்த்து, மாணவிகள் உடைத்ததை ஒட்டி, மறுநாளைக்குத் தயாராக மேஜையில் எடுத்து வைக்கிற வேலை. வீட்டில் ஒரு பழைய பெட்டிக் கார் இருந்தது. கணவரின் சித்தப்பா ஓட்டி ஓய்ந்தபின் எங்களுக்கு வந்தது. முன்னால் இரண்டு உருண்டைக் கண்ணாடி விளக்குகள், போலீஸ்காரருக்குப் பயந்து அவற்றின் நடுவில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு. என் கணவருக்கு ஓட்டப் பயம். அதனால் நான் கற்றுக்கொண்டேன்.

உண்மையில் மாமியாருக்காகத்தான் கற்றுக்கொண்டேன். மாதாமாதம் திருவோணத்தன்று அவர் மேல்கோட்டைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்தாக வேண்டும். அவருக்குப் பிறந்த ஊர் அது. பஸ்ஸில் பாண்டவபுரத்தில் இறங்கி மாறி ஏறுவதற்குள் முழங்கால் மக்கர் பண்ணும். லேபில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் அழைத்துப் போவேன்.

வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். உப்பு போதும், பால்காரன் வந்தான், இவ்வளவுதான். காரில் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலம் தாண்டியதும் ஆரம்பிப்பார். கல்யாணத்துக்கு முன் வீணை கற்றுக்கொண்டது, புக்ககத்தில் அதைப் பரணில் ஏற்றிவிட்டது, தன் மாமியாரைப் பிடிக்கவே பிடிக்காமல் போனது, முதல் குழந்தை நாலு மாதத்தில் போனது எல்லாம் எனக்கு அந்த ரோட்டில் சொன்னவைதான். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயங்கள் எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு கர்வம். ஏழு வருஷம் அப்படிப் போனது.

அப்புறம் என் மைத்துனர், கணவரின் தம்பி, சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தார். குவெம்புநகரில் வீடு. கூடவே அவர் மனைவி, அதாவது என் ஓர்ப்படி. அவர்களுக்குப் பின்னால் கப்பலில் வந்தது அந்தக் கார்.

வெள்ளி நிறம். கண்ணாடியை இறக்கப் பொத்தான். ஏசி. அதைவிட, அவள் ஓட்டுகிற அழகு. எங்கள் வீட்டு கேட்டுக்குள் வண்டியைப் பின்னால் எடுக்க எனக்கு மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டும். அவள் வந்த முதல் நாளே ஒரே வளைப்பில் உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "கேட் கொஞ்சம் குறுகல், இல்ல மன்னி?" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மூக்கு உடைந்தது.

முதல் திருவோணத்துக்கே கேட்டுவிட்டாள். "அம்மா, இந்த மாசம் நான் அழைச்சுண்டு போறேனே. மன்னிக்குப் பாவம், லேப் இருக்கும்."

மாமியார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? "பேஷா போயிட்டு வாங்கோம்மா" என்றேன். பல் கடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "குலுங்கவே இல்லைடீ. புடவையில ஒரு தூசி இல்லை. பாரு, துளசி கூட வாடலை." துளசியை என் கையிலேயே கொடுத்தார். வயிறு எரிந்தது.

"வழியில என்ன பேசிண்டு போனேள்?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பேசறது? சும்மா பேசிண்டு போனோம்."

அந்தச் சும்மாவை நான் ஒரு வாரம் யோசித்தேன். நித்தியப்படி அடுப்பும் தளிகையும், முழங்காலுக்குத் தைலமும், மருந்துச் சீட்டும் என் பொறுப்பு. மாதத்தில் ஒரு நாள் அவர் வாய் திறக்கிற நேரம் மட்டும் அவளுக்கு. அடுத்த மாதம் அவள் வந்து, சமையலறையில் நின்றுகொண்டு, "மன்னி, அம்மாவுக்கு வீணைன்னா உசிராமே. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தெரியுமாவாம்!

விளக்குகளை நான் கவனித்தது அந்தச் சமயத்தில்தான். ஒருத்தர் மேல் காய்ச்சல் இருந்தால் அவர் பொருளில் குற்றம் கண்டுபிடிக்கக் கண் தானாகப் போகும். அந்தக் காரின் முன்விளக்குகளுக்குக் கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்திராத சங்கதி. சிங்கப்பூர் வெயிலில் வருஷக்கணக்காகத் திறந்தவெளியில் நின்றதில் இரண்டும் காமாலைக் கண் மாதிரி மஞ்சளாகியிருந்தன. விரலால் தடவினால் வழவழப்பு இல்லை, சொரசொரவென்று இருந்தது.

எனக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். எங்கள் லேபில் அம்மீட்டர், வோல்ட்மீட்டர் மூடிகளெல்லாம் பிளாஸ்டிக். ஜன்னலோர மேஜையில் இருப்பவை வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய்விடும். கெட்டுப்போவது மேல்தோல் மட்டும்தான், அடியில் பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். அந்தத் தோல் வெளிச்சத்தை நேரே விடாமல் நாலா பக்கமும் சிதறடிக்கும். அதனால் ரோட்டில் விழ வேண்டியது விழாது, எதிரே வருகிறவனுக்கு மட்டும் கண் கூசும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து, கடைசியில் நைசான பொடி போட்டு மெருகேற்றினால் பழையபடி ஆகிவிடும். வருஷத்துக்கு நாற்பது மூடிகள் நான் அப்படித் தேய்ப்பேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பளபளக்கும் காரில் ஒரு குறையாவது இருக்கிறதே என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்தது. அந்த மாதம் மாமியார் மேல்கோட்டையிலிருந்து வந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஓர்ப்படி வாசலோடு போய்விட்டாள்.

"ஒண்ணுமே தெரியலைடீ" என்றார். "கண்ணுல மஞ்சத் துணியைக் கட்டிண்டு போறாப்பல இருக்கு. எதிர்ல லாரி வந்தா ரோடே காணும். பாவம் அவ, மூக்கைக் கண்ணாடியில ஒட்டிண்டு ஓட்டினா. இனிமே உன்னோடயே வரேன்."

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடிக்குமே என்று பாலும் வெல்லமும் விட்டுக் கண்ணமுது பண்ணினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். நான் பின்கட்டில் பூஜைச் சாமான்களைப் பரப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் வெள்ளிக்குத் திருமண்தான். மேல்கோட்டையில் வெட்டியெடுக்கிற அந்த வெள்ளை மண் நெற்றிக்கும் ஆகும், பாத்திரத்துக்கும் ஆகும். நெற்றிக்கு இட்டுக்கொண்ட கட்டிகளின் உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, நுணுக்கி, ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் வெள்ளியில் ஒரு கீறல் விழாது.

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மன்னி, காரோட ஹெட்லைட் ரெண்டும் மங்கிப் போயிருக்கு. மெக்கானிக்கைக் கேட்டா, இதெல்லாம் ஃபாரின் ஐட்டம், நமகே கொத்தில்லா மேடம்னு கையை விரிச்சுட்டான். நீங்கோ லேப்ல இருக்கேள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கையில் திருமண். நனைந்த துணி. மடியில் பாதி வெளுத்த வெள்ளிக் கிண்ணம். பதில் அவள் கண் முன்னாலேயே இருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

"அது பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளயே வெந்து போயிடும்" என்றேன். "ஒண்ணும் பண்ண முடியாது. புதுசுதான் வரவழைக்கணும்."

"ஓ" என்றாள். அப்புறம் துணியைத் தானும் எடுத்து, என்னோடு சேர்ந்து இரண்டு தட்டுகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். புது விளக்குக்குச் சிங்கப்பூரில் இருந்த சிநேகிதிக்குக் கடிதம் எழுதினாள், அந்த மாடலே நின்றுவிட்டது என்று பதில் வந்தது. எனக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உறுத்தலைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

அடுத்த இரண்டு மாதமும் என் ராஜ்ஜியம். கோயிலில் வேண்டுமென்றே தாமதம் பண்ணுவேன். "இன்னும் ஒரு தரம் சேவிச்சுட்டுப் போலாம்மா" என்பேன். மாமியாருக்கு என் பக்தியில் மெத்த சந்தோஷம். எனக்கு வேண்டியது இருட்டு. மலை இறங்கும்போது பொட்டு வைத்த என் கண்ணாடி விளக்குகள் ரோட்டோரப் புளியமரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வர வேண்டும், பக்கத்தில் அவர் நிம்மதியாகச் சாய்ந்து பேசிக்கொண்டு வர வேண்டும். "உன் வண்டி குலுங்கினாலும் பயமில்லைடீ" என்றார் ஒரு நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதத் திருவோணம் எங்கள் பிராக்டிகல் பரீட்சையன்று வந்தது. என்னால் நகர முடியாது. ஓர்ப்படி அழைத்துப் போனாள். பொழுதோடு திரும்பிவிடுவதாகத்தான் காலையிலேயே கிளம்பினாள். அங்கே உறவுக்காரர் வீட்டில் சாப்பிட உட்காரவைத்து, பேசவைத்து, கிளம்பும்போது மணி ஐந்தரை தாண்டிவிட்டது.

பாண்டவபுரத்துக்கு இந்தப் பக்கம் கரும்பு வண்டிகள். ஆலைக்குப் போகிற மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் விளக்கு ஏது? தோகையோடு கரும்பு ஒரு ஆள் நீளத்துக்கு ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல வெளிச்சம் இருந்தால் தூரத்திலேயே தெரியும். அவளுக்கு அது தெரிந்தபோது பத்தடியில் இருந்தது. இடது பக்கம் ஒடித்தாள். கார் வாய்க்கால் கரையில் இறங்கி ஒரு கல்லில் மோதி நின்றது.

மாமியாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவளுக்கு நெற்றியில் ஐந்து தையல். அந்த வண்டிக்காரரே இறங்கி ஓடிவந்து, ஒரு டெம்போவை நிறுத்தி இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நான் பரீட்சைத் தாள்களைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டம்மாள் கேட்டிலேயே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கார் ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கு நினைவில்லை.

தாழ்வாரத்தில் என் மைத்துனர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவள் பெஞ்சில், தலையில் கட்டோடு.

"பொம்மனாட்டி கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்" என்றார் அவர். என் கணவர் என் பக்கம் திரும்பி, "நீயும் இனிமே இருட்டினப்புறம் எடுக்காதே" என்றார்.

"விளக்குதான்டா மங்கல். அவளைச் சொல்லாதே" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"விளக்குக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மன்னியே சொல்லிட்டாளேம்மா" என்றார் மைத்துனர். "தெரிஞ்சும் இவ ஏன் இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தா?"

"இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் என் கணவர், என்னைக் காட்டி, பெருமையோடு.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதான் மன்னி. கண் இருந்தும் நான் அந்த வண்டியைப் பாக்கலை. அம்மா கையை ஒடிச்சுட்டேன்." அவள் கை சில்லென்றிருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அதோடு அவள் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். கண் டாக்டரிடம் போனாள், கண்ணில் கோளாறு இல்லை என்றார்கள். அது அவளுக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. காரை ஒடுக்கெடுத்துக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்கள். சாவி மைத்துனரின் ஆபீஸ் பையில். கறிகாய் வாங்கவும் ஆட்டோவில் போனாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது, இனி என் காருக்குப் போட்டி இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லேபிலிருந்து கொண்டுவந்த வாட்டர் பேப்பர், பிளாஸ்திரிச் சுருள், பழைய மல்லுவேட்டித் துண்டு, ஒரு டப்பா திருமண் பொடி, கொஞ்சம் கார் மெழுகு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு குவெம்புநகர் போனேன். மைத்துனர் பெங்களூருக்குப் போயிருந்தார். அவள் மட்டும் இருந்தாள்.

"ஒரு பக்கெட் தண்ணி குடு" என்றேன். என்னத்துக்கு என்று கேட்காமல் கொண்டுவந்தாள்.

முன்பக்கத் தகடு நசுங்கி நிமிர்ந்திருந்தது. விளக்குகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சுற்றிலும் பெயிண்டில் படாமல் பிளாஸ்திரி ஒட்டினேன். முரட்டுப் பேப்பரை நனைத்துக் குறுக்குவாட்டில் தேய்த்தேன். முதலில் மஞ்சளாகச் சாறு வடிந்தது. தேய்க்கத் தேய்க்க அது பால் நிறமாக மாறியது. அடுத்து நைஸ் பேப்பரை எடுத்து மேலும் கீழுமாக, முதல் கோடுகள் மறையும் வரை. அதற்கடுத்து இன்னும் நைஸ். அந்தக் கட்டத்தில் விளக்கு முன்னைவிட மோசமாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் அங்கே பயந்து நிறுத்திவிடுவார்கள். நான் திருமண்ணைக் குழைத்து வேட்டித் துண்டில் தொட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். தண்ணீரை வீசி அலம்பினேன். உள்ளே இருந்த பல்பும் அதன் பின்னால் வெள்ளித் தகடும் பளிச்சென்று தெரிந்தன. மெழுகைத் தடவித் துடைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் தெளிந்து ஒரு கண் மஞ்சளாக நின்ற காரையே பார்த்தாள். அப்புறம் டப்பாவைப் பார்த்தாள்.

"இது திருமண்தானே?"

"ஆமாம்."

"இவ்வளவுதானா மன்னி? அன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னேளே."

எங்கேயோ படித்தேன், இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அப்படிச் சொன்னால், அவள் கண்ணில்தான் தப்பு, கையில்தான் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள்.

"அன்னிக்கே தெரியும்" என்றேன். "அம்மா உன்னோட வரக்கூடாது, என்னோடதான் வரணும்னுதான் சொல்லாம இருந்துட்டேன். உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. அந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் பாத்திருக்க முடியாது."

அவள் நெற்றித் தழும்பை ஒரு தரம் விரலால் தொட்டுக்கொண்டாள். கத்துவாள், அழுவாள், மைத்துனருக்கு ட்ரங்க் கால் போடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். எழுந்து வந்து என் கையிலிருந்த பேப்பரை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணை நானே பண்ணிக்கறேன். நீங்கோ ஆத்துக்குப் போங்கோ."

"நான் வேணும்னா..."

"போங்கோ மன்னி."

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். ரோட்டில் கொஞ்ச தூரம் வரைக்கும் அவள் தேய்க்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. மறுநாளும், அதற்கடுத்த வாரமும் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மாமியாருக்குக் கட்டுப் பிரித்தபின் வந்த முதல் திருவோணத்தன்று மத்தியானம் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. அவள்தான். கணவரோடு சண்டை போட்டுச் சாவியை வாங்கினாள் என்று பின்னால் தெரிந்தது. மாமியார் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கார் தெருமுனையில் திரும்பியபோதே எங்கள் காம்பவுண்டுச் சுவர் முழுக்க வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. மாமியார் இறங்கி, பிரசாதத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

"பட்டப்பகல் மாதிரி இருக்குடீ ரோடு. யாரு சரி பண்ணினான்னு கேட்டேன். மன்னிதான், கை வலிக்க உக்காந்து தேய்ச்சுக் குடுத்தான்னா. எனக்குக் கண்ணுல ஜலமே வந்துடுத்து. இப்படி ஒரு ஓர்ப்படி கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டின்னு அவகிட்ட சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"ஆமாம்மான்னா."

கார் போய்விட்டிருந்தது. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவளுடைய காரைக் கண்டும், அவள் வண்டி ஓட்டுகிற அழகைக் கண்டும், என் மாமியார் அவளிடம் வாய் திறந்ததைக் கண்டும் நான் பொறாமைப்பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போய் அழைத்து வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம் வருவதற்குள் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.